கைமாறி வந்த எஞ்சின்: ஷார்ட்லைன் மாடல்காரர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்காவில் சுமார் 600 ஷார்ட்லைன் ரயில் நிறுவனங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் பாதை 15 மைல் இருக்கும்; இன்னொன்றுக்கு 150 மைல். ஒரு மாவு மில், ஒரு உப்புச் சுரங்கம், இரண்டு மரக்கிடங்கு என்று வாடிக்கையாளர் பட்டியல் முடிந்துவிடும். 1980இல் ஸ்டாகர்ஸ் ரயில் சட்டம் வந்த பிறகு, லாபம் தராத கிளைப்பாதைகளைப் பெரிய கம்பெனிகள் கழற்றிவிட்டன. அவற்றை எடுத்து நடத்தத் துணிந்தவர்களால் இந்த எண்ணிக்கை பெருகியது. பாதையை வாங்கியவர்கள், அதே பெரிய கம்பெனிகள் தள்ளிவிட்ட பழைய டீசல் எஞ்சின்களையும் வாங்கினார்கள். புதிய எஞ்சினுக்கு அவர்களிடம் பணம் இல்லை, தேவையும் இல்லை.

கடையில் எச்ஓ அளவில், அதாவது 1:87இல், கிடைக்கும் ஜிபி7 மாடல் பெரும்பாலும் 1950களில் இஎம்டி கம்பெனியின் லா கிரேஞ்ச் ஆலை வாசலைத் தாண்டிய எஞ்சின். ஷார்ட்லைனில் ஓடுவது அதற்கு முப்பது, நாற்பது வருடம் கழித்த எஞ்சின். இடையில் மூன்று முதலாளிகள், இரண்டு பட்டறைகள், ஒருவேளை லெவல் கிராசிங்கில் ஒரு லாரியோடு மோதல். மாடலை மாற்றியமைக்கும் வேலை முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு வகை எஞ்சினைச் செய்வதாக நினைத்து இறங்கினால் தோற்றுப்போவோம். ஒரு குறிப்பிட்ட எண் தாங்கிய ஒற்றை எஞ்சினின் ஜாதகத்தைச் செய்கிறோம்.

செய்ய வேண்டியவை

• முதலில் ஒரு எண்ணையும் ஒரு வருடத்தையும் முடிவு செய்யுங்கள். "அர்கான்சாஸ் அண்ட் மிசௌரியின் சி420" என்பது போதாது. எந்த எண், எந்த வருடத்துக் கோடைகாலம் என்பதுவரை போக வேண்டும். வருடம் தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு அரசாங்க விதிகளே பதில் சொல்லிவிடும். ஷண்டிங் எஞ்சின்களின் முன்னும் பின்னும் ஆட்கள் நின்றுகொண்டு போன மரப் படிப்பலகைகளுக்கு 1970களின் இறுதியில் கூட்டாட்சி விதி முடிவு கட்டியது. 1985ஆம் வருட மாடலில் அந்தப் பலகை இருந்தால் பார்ப்பவர் சிரிப்பார். முன்முனையில் தாழ்வாக இரண்டு பக்கமும் எரியும் டிச் லைட்டுகளுக்கு 1997 டிசம்பர் 31 கெடு. எஞ்சின் பக்கவாட்டில் ஒட்டும் ஒளிரும் பட்டைகளுக்கான விதி 2005இல் வந்தது. ஆக 1992க்கு மாடல் செய்பவருக்குப் பட்டையும் வேண்டாம், டிச் லைட்டும் பெரும்பாலும் வேண்டாம். வேலை மிச்சம்.

• எஞ்சின் யார் யாரிடம் இருந்து வந்தது என்ற வரிசையைக் கண்டுபிடியுங்கள். முந்தைய முதலாளியின் பட்டறைதான் உருவத்தைத் தீர்மானித்திருக்கும். இதற்குச் சிறந்த உதாரணம் சாண்டா ஃபே கம்பெனியின் சிஎஃப்7. டெக்சாஸ் மாநிலத்துக் கிளிபர்ன் பட்டறையில் 1970 முதல் 1978 வரை 233 பழைய எஃப்7 எஞ்சின்களைப் பிரித்து, ஹூட் வகை எஞ்சின்களாக, அதாவது ஒடுங்கிய கூட்டின் இருபுறமும் நடைமேடை உள்ளவையாக, மாற்றினார்கள். எஃப்7இல் பாரத்தைத் தாங்குவது பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும் சட்டகம். சுவரை எடுத்துவிட்டால் நடு முதுகு வளைந்துவிடும். அதனால் அடியில் புதிதாகக் கனத்த உத்தரம் கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் நடைமேடைக்குக் கீழே ஆழமாகத் தெரியும் அந்த விளிம்புதான் சிஎஃப்7இன் அடையாளம்.

இன்னொரு சுவாரஸ்யம். இவற்றுக்கு எண் கொடுக்கும்போது சாண்டா ஃபே மேலிருந்து கீழே எண்ணியது: 2649இல் தொடங்கி 2417இல் முடித்தது. முதலில் வந்தவற்றில் எஃப்7இன் வளைந்த கூரையையே ஓட்டுநர் கேபுக்கு வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்தவற்றில் கோணம் கோணமாக மடித்த புதிய கேப். ஆகவே சாண்டா ஃபே காலத்து எண் பெரிதாக இருந்தால் வளைந்த கூரை, சிறிதாக இருந்தால் கோணக் கூரை என்று தேடலைத் தொடங்கலாம். 1980களில் சாண்டா ஃபே இவற்றை விற்றுத் தீர்த்தபோது ஷார்ட்லைன்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். லூசியானாவில் 1987இல் தொடங்கிய லூசியானா அண்ட் டெல்டாவும் அப்படி வாங்கிய ஒன்று. எச்ஓவில் ஏதர்ன் நிறுவனம் சிஎஃப்7 செய்திருக்கிறது. அதை எடுத்தால் கூரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்ணத்தைப் பார்த்து வாங்கக்கூடாது.

இதேபோல் இல்லினாய்ஸ் சென்ட்ரலின் படூகா பட்டறை, பழைய ஜிபி7, ஜிபி9களை ஜிபி8, ஜிபி10 என்று புதுப்பித்தது. மூக்கைக் குறைத்தார்கள், கேபுக்குப் பின்னால் ஹூட் மேல் ஒரு பெட்டி மாதிரி காற்று வடிகட்டியை உட்கார வைத்தார்கள். பின்னாளில் ஏராளமான ஷார்ட்லைன்களில் இவை வேலை பார்த்தன. உங்கள் எஞ்சின் அந்த வழியாக வந்திருந்தால், முதல் வேலை அந்தப் பெட்டி.

• படத்திலிருந்து அளவெடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தொழிற்சாலை வரைபடம் கிடைத்தாலும் பட்டறை மாற்றங்கள் அதில் இருக்காது. நேர் பக்கவாட்டில் எடுத்த ஒரு படம் போதும். ஜிபி வகை எஞ்சின்களின் பிளாம்பெர்க் போகியில் இரண்டு அச்சுகளுக்கு இடையே 9 அடி. எச்ஓவில் 1 அடிக்கு 3.5 மி.மீ. என்பதால் மாடலில் அது 31.5 மி.மீ. படத்தில் அதே தூரத்தை அளந்து விகிதம் போட்டால், அதே தளத்தில் இருக்கும் எதையும் கணக்கிடலாம்: புதிதாக வைத்த ஜன்னல், மாற்றிய டீசல் டாங்க், பற்றவைத்த தகடு. தளம் மாறினால் கணக்கும் கொஞ்சம் தப்பும். ஹூட் சுவர் போகியை விட உள்ளே தள்ளியிருக்கிறது, அதனால் படத்தில் சற்றுச் சிறிதாக விழும். தூரத்திலிருந்து டெலி லென்சில் எடுத்த படமென்றால் இந்தப் பிழை கண்ணில் படாத அளவுக்குக் குறைந்துவிடும்.

• கூரையைப் பாருங்கள். மேசையில் வைத்த மாடலை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம்; ஆனால் படம் எடுப்பவர்கள் தரையிலிருந்து எடுக்கிறார்கள். மேம்பாலத்திலிருந்து எடுத்த ஒரு படம் கிடைத்தால், பக்கவாட்டுப் படங்கள் பத்துக்குச் சமம். விசிறி எத்தனை, புகைபோக்கி எத்தனை என்று எண்ணுங்கள். ஆலையிலிருந்து வந்த ஜிபி7இல் புகைபோக்கி இரண்டு. சில மறுசீரமைப்புகளில் நான்கு. விசிறிகளில் சாதாரணமாக 36 அங்குல விசிறி நான்கு. கடைசிக் காலத்து ஜிபி9களில் 48 அங்குலத்தில் இரண்டு. டர்போ இல்லாத எஞ்சின்கள் புகையோடு கரிப்பொறியையும் துப்பும் என்பதால், புல் காய்ந்து கிடக்கும் மேற்கு மாநிலங்களில் புகைபோக்கி மேல் பொறிதடுப்பான் வைத்திருப்பார்கள். டைனமிக் பிரேக் இன்னொரு விஷயம். சமவெளியில் மணிக்கு பத்து மைலில் போகும் ஷார்ட்லைனுக்கு அதனால் பயனில்லை. கம்பியைக் கழற்றிவிடுவார்கள், சில இடங்களில் விசிறித் துளையைத் தகடு வைத்து மூடிவிடுவார்கள். ஆனால் ஹூட் நடுவில் அதற்கென்று இருந்த புடைப்பு அப்படியே நிற்கும். மாடலில் புடைப்பை இழைத்துத் தள்ளிவிடாமல், துளையை மட்டும் ஸ்டைரீன் வட்டத்தால் மூடுங்கள். மலிவான, ஆனால் எஞ்சினின் கதையைச் சொல்லும் மாற்றம்.

• போகியைச் சரிபாருங்கள். ஜிஎம்அண்ட்ஓ கம்பெனி ஜிபி30, ஜிபி35 எஞ்சின்களை வாங்கியபோது, பழைய ஆல்கோ எஞ்சின்களைக் கொடுத்து அவற்றின் ஏஏஆர் பி வகை போகிகளைப் புதியவற்றுக்குப் போட்டுக்கொண்டது. மேலே இஎம்டி, கீழே ஆல்கோ. இப்படிப்பட்ட ஒன்றை மாடல் செய்ய, அடிப்பகுதி ஒரு மாடலிலிருந்தும் மேல்கூடு இன்னொன்றிலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் இரண்டின் போகி மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். ஜிபி7, ஜிபி9களில் அது 31 அடி, எச்ஓவில் 108.5 மி.மீ.

• கத்தியை எடுக்கும் முன் மாடலை ஓட்டிப் பாருங்கள். முன்னும் பின்னுமாக, மெதுவாக, அரை மணி நேரம். மோட்டார் முனகினாலோ கியர் தட்டினாலோ அப்போதே தெரிய வேண்டும்.

• பெரிய வெட்டு முதலில், நுண்குழாய் கடைசியில். ஜிபி7இன் உயர்ந்த மூக்கைக் குறைப்பதுதான் ஷார்ட்லைன் மாடல்காரர் அதிகம் செய்யும் அறுவை. மூக்கை மூன்று பக்கமும் மாஸ்கிங் டேப்பால் சுற்றி, டேப் விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் மேலே ரேசர் ரம்பத்தால் அறுங்கள். மீதியை அரத்தால் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கேபின் முன்சுவரில், முன்பு மூக்கு அடைத்துக்கொண்டிருந்த இடத்தில், நடுக் கண்ணாடிகளுக்குத் துளை போட வேண்டும். அங்கே பிளாஸ்டிக் இருக்கிறதா, வெறும் ஓட்டையா என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஓட்டையென்றால் 0.5 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் புதுச் சுவர் வெட்டுங்கள். மூக்கின் மேல்தட்டு முழுத் தட்டையா, முன்பக்கம் சரிவா என்பது எந்தப் பட்டறை வெட்டியது என்பதைப் பொறுத்தது. இங்கே பொது விதி கிடையாது. படத்தில் நிழல் விழும் விதத்தைப் பார்த்துத்தான் சரிவைக் கண்டுபிடிக்க வேண்டும். இணைப்புக்குப் பட்டி பார்த்து, காயவிட்டு, ஈர எமரித் தாளால் தேய்த்து, சாம்பல் நிற பிரைமர் மெலிதாக ஒரு கோட் அடியுங்கள். பிரைமர் அடித்ததும் நாம் பார்க்காத பள்ளமெல்லாம் எழுந்து நிற்கும். மறுபடி பட்டி. இரண்டு சுற்றுக்குக் குறைந்து யாரும் முடித்து நான் பார்த்ததில்லை.

• வார்ப்போடு வந்த பிடிகம்பிகளைச் சீவிவிட்டுக் கம்பியில் செய்யுங்கள். நிஜத்தில் அந்தக் கம்பி குறைந்தது 5/8 அங்குலத் தடிமன், எச்ஓவில் 0.18 மி.மீ. அவ்வளவு மெல்லியதை வளைத்துக் கையாள்வது சிரமம், அதனால் 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். கொஞ்சம் தடித்துத் தெரியும், ஆனால் கைபட்டால் நிமிராது. சீவுவதற்கு உளிமுனைப் பிளேடு. துளையிட 'பின் வைஸ்' என்ற கைத்துளைப்பானும் 0.35 மி.மீ. டிரில் பிட்டும். சீவும் முன்பே துளையின் இடத்தை ஊசியால் குத்தி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சீவிய பிறகு கம்பி எங்கே தொடங்கியது என்பது தெரியாது.

• பழைய வண்ணத்தின் மேல் புதிய வண்ணம் போட்டதாகவே அடியுங்கள். ஷார்ட்லைன் மாடலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். எஞ்சின் வந்து இறங்கிய வாரமே முழுக்க வண்ணம் அடிக்க எந்தச் சின்ன கம்பெனியிடமும் நேரமில்லை. பழைய முதலாளியின் பெயரை மட்டும் ஒரு செவ்வகத்தால் மறைப்பார்கள். கேபுக்குக் கீழே புது எழுத்துக் குறியையும் எண்ணையும் எழுதுவார்கள். அவ்வளவுதான், எஞ்சின் வேலைக்குப் போய்விடும். வருடக் கணக்கில் அப்படியே ஓடும். மாடலில் இதைக் கொண்டுவர, முதலில் பழைய கம்பெனியின் முழு வண்ணத்தையும் டெக்காலையும் ஒழுங்காகப் போட வேண்டும், மறைக்கப்போகிறோம் என்று தெரிந்தே. பிறகு அந்த வண்ணத்தில் வெள்ளை கலந்து மிக நீர்த்துத் தெளித்து வெளிற வைக்கவும். அதன் பின்தான் மறைப்புச் செவ்வகம், வெளிறாத புது வண்ணத்தில். சுற்றியிருப்பதும் செவ்வகமும் ஒரே நிறமாக இருந்தாலும் வயது வேறு என்பது தெரிய வேண்டும். செவ்வகத்தின் ஓரத்தில் பழைய எழுத்தின் வால் ஒன்று எட்டிப்பார்த்தால் இன்னும் நல்லது. நிஜத்தில் அப்படித்தான் இருக்கும்.

எழுத்துகளுக்கு ஆயத்த டெக்கால் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலான ஷார்ட்லைன்களுக்கு யாரும் அச்சிடுவதில்லை. மைக்ரோஸ்கேல் விற்கும் எழுத்து வரிசைத் தாள்களிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வெட்டி ஒட்டலாம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை இல்லை என்பதால், கருமை மேல் வெள்ளை எழுத்து வேண்டுமானால் இதுவே வழி. டெக்கால் ஒட்டும் பரப்பு பளபளப்பாக இருக்கட்டும். மங்கல் பூச்சு எல்லாம் முடிந்த பிறகு.

• "எஃப்" என்ற எழுத்தை மறக்காதீர்கள். எஞ்சினின் எந்த முனை முன்பக்கம் என்று காட்ட, அந்த முனைக்கருகே இரண்டு பக்கமும் அந்த எழுத்து இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன், சதர்ன் போன்ற கம்பெனிகள் நீண்ட ஹூட்டையே முன்பக்கமாக வைத்திருந்தன. அங்கிருந்து வந்த எஞ்சினில் அந்த எழுத்து பலர் எதிர்பார்க்காத முனையில் இருக்கலாம்.

• வேகத்தைக் குறைத்து வையுங்கள். ஷார்ட்லைன் பாதைகள் பலவும் கூட்டாட்சி வகைப்பாட்டில் கீழ்த்தட்டு. சரக்கு வண்டிக்கு மணிக்கு 10 மைல்தான் உச்சம். எச்ஓவில் அது நொடிக்கு 5 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் தண்டவாளத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட 20 நொடி. எஞ்சினுக்குள் வைக்கும் டிசிசி டிகோடரில் சிவி5 என்ற அமைப்பைக் குறைத்து உச்ச வேகத்தையும், சிவி3, சிவி4 மூலம் எடுப்பையும் நிறுத்தத்தையும் சரிசெய்யலாம். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

• ஒலியைத் தேர்ந்தெடுக்கும்போது எஞ்சினின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிஎஃப்7இலும் ஜிபி9இலும் இஎம்டி 567, சி420இல் ஆல்கோ 251. இந்த 251ஐத் தமிழ்நாட்டில் பழகியவர்கள் ஏராளம். ஈரோடு, பொன்மலை ஷெட்டுகளின் டபிள்யூடிஎம்-2வும், மீட்டர் கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4ம் அதே குடும்பம். சிலிண்டர் எண்ணிக்கை வேறு: டபிள்யூடிஎம்-2இல் பதினாறு, சி420இல் பன்னிரண்டு, ஒய்டிஎம்-4இல் ஆறு. நின்ற இடத்தில் குலுங்கும் அந்த ஓட்டத்தையும், கிளம்பும்போது டர்போ எழும் முன் கொட்டும் கரும்புகையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஸ்க்ரான்டன் நகரத்து ஷார்ட்லைனான டெலவேர்-லக்கவானாவின் ஆல்கோ கூட்டத்தைப் பற்றிப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. டிகோடரில் தவறான ஒலிக்கோப்பு ஏறியிருந்தால் அவர்கள் காதே சொல்லிவிடும்.

• கம்பெனி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சின்ன கம்பெனிகளில் பதில் எழுதுபவர் சில சமயம் அந்த எஞ்சினை ஓட்டுபவராகவே இருப்பார்.

செய்யக்கூடாதவை

• பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். ஒரே அச்சில் வார்த்த மேல்கூட்டுக்குப் பத்து கம்பெனிகளின் வண்ணத்தை அடித்து விற்பது தயாரிப்பாளர்களின் வழக்கம். ஆல்கோ எஸ்-1ஐயும் எஸ்-2ஐயும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான். ஆனால் 660 குதிரைத்திறன் எஸ்-1க்கு ரேடியேட்டர் ஷட்டர் சிறியது, புகைபோக்கி ஒல்லி. 1,000 குதிரைத்திறன் எஸ்-2க்கு ஷட்டர் பெரியது, புகைபோக்கியின் அடி அகலம். அவற்றுக்குப் பின் வந்த எஸ்-3, எஸ்-4 பொதுவாக ஏஏஆர் போகியில் ஓடுபவை. முன்னவை பிளண்ட் போகியில். உங்கள் ஷார்ட்லைன் வைத்திருந்தது எஸ்-1 என்றால், எஸ்-2 மாடலின் வண்ணம் எவ்வளவு சரியாக இருந்தும் என்ன பயன்?

• இன்னொருவர் செய்த மாடலைப் பார்த்துச் செய்யாதீர்கள். அவர் ஊகித்த இடமெல்லாம் உங்களுக்கு உண்மையாகிவிடும். மூன்றாவது ஆள் உங்களைப் பார்த்துச் செய்வார்.

• கண்ட எஞ்சினுக்கெல்லாம் டிச் லைட் போடாதீர்கள். அந்த விதி, சாலைக் கிராசிங்குகளை மணிக்கு 20 மைலுக்கு மேல் கடக்கும் எஞ்சின்களுக்கு மட்டும். அதைவிட மெதுவாகவே ஓடும் கம்பெனி அந்தச் செலவைச் செய்யாமல் விட்டிருக்கலாம். படத்தில் இருந்தால் போடுங்கள். போட்டால் ஒவ்வொரு எல்இடிக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்க்க மறக்க வேண்டாம்.

• பழைய வண்ணத்தை எடுக்க அசிட்டோன் தொடாதீர்கள். ஸ்டைரீன் கரைந்து கூழாகிவிடும். 91 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலான ஆலை வண்ணங்கள் உரிந்துவிடும். அதையும் முதலில் உள்பக்கத்தில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுத்தான்.

• வழுக்கலான அசிட்டால் பிளாஸ்டிக் கைப்பிடிகளுக்கு நேரடியாக வண்ணம் அடிக்காதீர்கள். இரண்டு முறை கையில் எடுத்தால் உரிந்துவிடும். முடிந்தால் பித்தளைத் தூணும் கம்பியுமாக மாற்றுங்கள். முடியாவிட்டால் பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் ஒட்டுப் பிரைமர் அடித்துவிட்டு அடியுங்கள்.

• ஷார்ட்லைன் என்றாலே துரு என்று நினைக்காதீர்கள். மாடல் கண்காட்சிகளில் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஒவ்வொரு சின்னக் கம்பெனியின் எஞ்சினும் கடலுக்கடியிலிருந்து தூக்கி வந்தது போல் நிற்கிறது. நிஜத்தில் இரண்டே எஞ்சின் வைத்திருக்கும் கம்பெனி அவற்றைத் துடைத்து வைத்துக்கொள்ளும். ஒன்று நின்றுபோனால் வாடிக்கையாளர் லாரிக்குப் போய்விடுவார். ஜெனெசி அண்ட் வயோமிங் குழுமத்தின் ஆரஞ்சு, கறுப்பு, மஞ்சள் வண்ணத்தைப் பார்த்தால் தெரியும். அழுக்கு உண்டு, ஆனால் அதற்கென்று இடம் இருக்கிறது: டீசல் டாங்க் மூடிக்குக் கீழே வழிந்த கறை, மணல் நிரப்பும் வாயில் வெளுத்த கோடு, போகியில் பிரேக் கட்டையின் பழுப்புத் தூசி, ஆல்கோவென்றால் புகைபோக்கியைச் சுற்றிக் கரி. துரு வருவது தகடு அடிபட்ட இடத்திலும் நீர் தேங்கும் மூலையிலும். ஹூட் கதவின் நடுவில் துரு வராது.

• 44 டன் எஞ்சினை நீண்ட வண்டியின் தலையில் கட்டாதீர்கள். அதன் எடைக்கே ஒரு கதை இருக்கிறது. 90,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள எஞ்சினில் ஓட்டுநரோடு ஃபயர்மேனும் இருக்க வேண்டும் என்று 1937இல் தொழிற்சங்கங்களுக்கும் ரயில் கம்பெனிகளுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக் அதற்குச் சற்றுக் கீழே, 88,000 பவுண்டில், இரண்டு கேட்டர்பில்லர் எஞ்சின்களோடு ஒன்றைச் செய்தது. ஆள் ஒருவர் மிச்சம். நியூயார்க் மாநிலத்து ஆர்கேட் அண்ட் அட்டிகா 1941லேயே ஒன்றை வாங்கியது. மாடலும் சிறியது; எச்ஓவில் உள்ளங்கை நீளம். அதன் ஹூட்டுக்குள் டிகோடர், ஸ்பீக்கர் என்று திணித்து எடையைக் கழற்றி எறிந்தால் ஐந்து பெட்டி இழுக்கவே திணறும். ஐந்து பெட்டியே போதும் என்பது வேறு விஷயம்.

• எம்யூ குழாய்களைப் பழக்கத்தில் மாட்டாதீர்கள். எஞ்சின்களை ஜோடி சேர்த்து ஓட்டாத கம்பெனிகள் அவற்றைக் கழற்றிப் போட்டிருக்கும், அல்லது ஒரு முனையில் மட்டும் விட்டுவைத்திருக்கும்.

• பழைய பித்தளை மாடலை வெட்டாதீர்கள். விலைக்காகச் சொல்லவில்லை, ஓரிடத்தில் கொடுக்கும் சூடு பித்தளை வழியே பரவிப் பக்கத்து ஈயப் பற்றுகளும் கழன்றுவிடும். ஒரு கதவை மாற்றப்போய்க் கேபே கையோடு வரும்.

• ரெசின் பாகத்தை முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள். முப்பரிமாண அச்சில் வந்த, முழுதாக இறுகாத ரெசினை வெறும் கையால் தொடாதீர்கள். திரவப் பசை, லாக்கர் வண்ணம் எல்லாம் திறந்த ஜன்னலோரம்.

• படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு வண்டிதான் என்று நம்பி நிற்கும் பாதையில்தான் மூன்றாவது வரும். அது தனியார் நிலம் என்பதும் சேர்ந்துகொள்ளும். பொதுச் சாலைக் கிராசிங்கில் நின்று எடுத்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

• ஒரே கம்பெனிக்கு மூன்று எஞ்சின் செய்தால் மூன்றையும் ஒன்றுபோல் செய்யாதீர்கள். ஒன்று சாண்டா ஃபேயிலிருந்து, ஒன்று இல்லினாய்ஸ் சென்ட்ரலிலிருந்து, ஒன்று மூடப்பட்ட எஃகு ஆலையிலிருந்து வந்திருக்கும். ஹார்ன் வேறு, மணி வேறு இடத்தில், ஹெட்லைட் ஒன்றில் கேப் மேல், இன்னொன்றில் மூக்கில். கம்பெனி அவற்றை ஒரே வண்ணத்தில் அடித்த பிறகும் அந்த வேறுபாடு போகாது.

• வெட்டியெடுத்ததைக் குப்பையில் போடாதீர்கள். ஜிபி7இன் உயர்ந்த மூக்கு, கழற்றிய படிப்பலகை, பழைய டாங்க், மாற்றிய போகிச் சட்டம் எல்லாம் அடுத்த எஞ்சினுக்கோ, பட்டறைக் கொட்டகைக்குப் பின்னால் குவியும் இரும்புக் குப்பைக்கோ, கோண்டோலா பெட்டியில் ஏற்றும் ஸ்க்ராப் பாரத்துக்கோ ஆகும். கறுப்பும் துருநிறமும் கலந்து ஒரு கோட் அடித்துவிட்டால் போதும். இங்கே மட்டும் துருவைத் தாராளமாக அள்ளித் தெளிக்கலாம்.